மேட்டர் அவர்களுடையது, மெஷின் உங்களுடையது

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் நகராட்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறோம். டிசைன் நான், மெஷின் என் கணவர். போன வாரம் நகராட்சியிலிருந்து வந்து, ‘அனுமதி எண் இல்லாம இனி ஒரு பேனர் அடிச்சாலும் கடைக்கு சீல்’ என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு நாட்டு மருந்துக்காரரின் 20×10 ஃப்ளெக்ஸ்: ‘சர்க்கரை நோய் 48 நாளில் வேரோடு போகும், இன்சுலினுக்கு விடை கொடுங்கள்’. ‘இப்படி எழுதலாமா சார்?’ என்று நானே கேட்டேன். ‘என்ன எழுதியிருக்குன்னு பார்க்கிறது எங்க வேலை இல்லம்மா, நம்பர் இருக்கான்னுதான் பார்ப்போம்’ என்றார். மருந்துக்காரரோ, ‘மேட்டர் என்னோடது, பொறுப்பும் என்னோடது, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’ என்கிறார். பாதி ஓடியதை நிறுத்தி வைத்திருக்கிறோம். காரணம் பயம் மட்டும் இல்லை. என் மாமியாருக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சாப்பாடு கொடுக்கக் கடைக்கு வந்தவர் அதைப் படித்துவிட்டு, ‘இந்த மருந்து எங்கம்மா கிடைக்கும்?’ என்று கேட்டுவிட்டார்.

கையில் இன்னும் மூன்று ஆர்டர் இருக்கிறது: ஒரு ஜவுளிக்கடை தள்ளுபடி, ஒரு மனைப்பிரிவு, ஒரு ஸ்பா. நான்கு டிசைனையும் அனுப்பியிருக்கிறேன். எதை அடிக்கலாம், எதை விடலாம்? நான் மறுத்தால் அடுத்த கடைக்காரர் அடித்துத் தருவார் என்பதையும் சேர்த்து யோசித்துச் சொல்லுங்கள்.

பதில்: சகோதரிக்கு, நான்கு டிசைனையும் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். மாமியாருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. ‘அது வெறும் விளம்பரம்மா’ என்று சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்லித் தர வீட்டில் மருமகள் இல்லாதவர்கள்தான் பஸ் ஸ்டாண்டில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

முதலில் நகராட்சி. அந்த ஊழியர் சொன்னது பாதி சரி. உள்ளாட்சியின் கையில் இருப்பது பலகை. அது எங்கே நிற்கிறது, யாருடைய இடம், காற்றடித்தால் தாங்குமா, சிக்னலை மறைக்கிறதா, நடைபாதையில் குழி தோண்டிக் கம்பம் நட்டிருக்கிறார்களா, கட்டணம் கட்டியாகிவிட்டதா என்பதெல்லாம் அவர்கள் பார்க்க வேண்டியவை. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-இல் போடப்பட்டு, வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்து, 2023 ஏப்ரலில்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. அனுமதியில்லாமல் விளம்பரப் பலகை வைத்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்ற நிலை இப்போது இருக்கிறது. இதை அரசு அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2023 ஜூன் 1-ஆம் தேதி கோவை கருமத்தம்பட்டி அருகே ராட்சத பலகையில் வேலை செய்துகொண்டிருந்த மூன்று தொழிலாளிகள், இரும்புச் சட்டம் சரிந்து இறந்தார்கள். அதற்கு முன்னால், 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் 23 வயதுப் பெண் பொறியாளரின் மேல் விழுந்தது. ஸ்கூட்டரிலிருந்து சாய்ந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்த பேனர் ஒரு கல்யாணத்துக்கு வைத்தது. வாசகத்தில் ஒரு குற்றமும் இல்லை. கொன்றது துணியும் சட்டகமும் அவை நின்ற இடமும்.

எனவே எண் கேட்பதை வெறும் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். பேனரின் அடியில் அனுமதி எண், தேதி, எத்தனை நாளைக்கு, அச்சிட்ட கடையின் பெயர் இவ்வளவும் இருக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த நிபந்தனையும் இல்லை. பள்ளிக்கரணைச் சம்பவத்துக்குப் பிறகு சென்னை மாநகராட்சி அச்சடிக்கும் கடைகளையும் எச்சரித்தது. கம்பம் நட்டவனைத் தேடிப் பிடிப்பதைவிட உங்கள் கடையைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளியிடத்தில் கட்டப் போகும் ஃப்ளெக்ஸ் என்றால் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கையில் வாங்கிய பிறகே மெஷினைப் போடுங்கள். ‘நம்பர் நாளைக்கு வந்துடும், இடம் விட்டு அடிச்சிடுங்க’ என்பார்கள். விட்ட இடம் வெள்ளையாகவே பஸ் ஸ்டாண்டில் தொங்கும், அதற்குக் கீழே உங்கள் கடையின் பெயர் இருக்கும்.

கடைக்காரர் தன் கடை வாசலுக்கு மேல் தன் பெயரை எழுதி வைப்பது தனி. அதற்குத் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று, வேறு மொழி இரண்டு என்ற கணக்கு உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். அதைக் கேட்க வருபவர் தொழிலாளர் துறை ஆய்வாளர்.

ஊழியர் சொன்னதில் மீதிப் பாதிக்கு வருகிறேன். எழுத்தைப் பார்ப்பது நகராட்சியின் வேலை இல்லை என்றால் யாருடைய வேலையும் இல்லை என்று அர்த்தமாகாது. எழுத்துக்கு வேறு வேறு சட்டம், வேறு வேறு கதவு. உங்கள் நான்கு ஆர்டரும் நான்கு கதவில் போய் நிற்கின்றன. நகராட்சி எண் வாங்கிவிட்டால் வாசகத்துக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்று உங்கள் வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள். இந்தத் தப்பை வக்கீல்களே செய்து பார்த்திருக்கிறேன்.

மருந்து ஃப்ளெக்ஸை அடிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

1954-இல் மருந்து மற்றும் மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் என்று ஒன்று வந்தது. பெயரிலேயே மந்திரம் இருப்பதைக் கவனியுங்கள். தாயத்து, யந்திரம், மந்திரித்த கயிறு எல்லாம் அதற்குள் வரும். இந்தச் சட்டத்தின் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. 54 நோய்கள், நிலைகள். இவற்றைக் கண்டறியும், குணப்படுத்தும், தணிக்கும், வராமல் தடுக்கும் என்று எந்த மருந்துக்கும் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. சர்க்கரை நோய் 9-ஆவது. புற்றுநோய், கண்புரை, வலிப்பு, வாதம், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கல், வெண்குஷ்டம், பெண்களின் மலட்டுத்தன்மை, ஆண்மைக் குறைவு எல்லாம் உண்டு. உடல் பருமனும் உண்டு, உயரமும் உண்டு. ‘ஒரே மாதத்தில் 10 கிலோ குறைய’, ‘3 அங்குலம் உயர’ என்று தபால் ஆபீஸ் சுவரில் ஒட்டும் மருந்து நோட்டீஸ்களும் இதில்தான் விழுகின்றன. நம் ஊர்ச் சுவர்களின் நிரந்தர வாசியான மூலம் அந்த 54-இல் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 4-ஆவது பிரிவு, எந்த நோயாக இருந்தாலும் மருந்தைப் பற்றிப் பொய்யாகவோ ஏமாற்றும்படியோ விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ‘மருந்து விற்பவர் விளம்பரம் செய்யக் கூடாது’ என்று அந்தச் சட்டம் எழுதப்படவில்லை. ‘இத்தகைய விளம்பரத்தை வெளியிடுவதில் யாரும் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறார்கள். பங்கெடுப்பது என்றால் என்ன என்பதற்கு விளக்கமும் கொடுத்திருக்கிறார்கள். அந்த விளக்கத்தில் முதலில் வருவது அச்சடிப்பது. ஃப்ளெக்ஸ் என்ற ஒன்று கனவில்கூட இல்லாத காலத்தில், காகித நோட்டீஸ் அடித்த அச்சகத்தை மனதில் வைத்து எழுதிய வரி இன்று உங்கள் மெஷினுக்கு அப்படியே பொருந்துகிறது. முதல் முறை தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு வரை. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வாளர் வந்து ஃப்ளெக்ஸைக் கைப்பற்றலாம்.

நம் ஊரில் இந்தச் சட்டத்தில் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் வரிசையாகக் கோர்ட்டில் நிற்கிறார்களா என்றால் இல்லை. பெரும்பாலும் ஃப்ளெக்ஸ் கிழியும், ஒரு போன் வரும், அதோடு முடியும். ஆனால் 48 நாள் இன்சுலினை நிறுத்திய ஒருவர் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்து, அவர் பிள்ளை அந்த ஃப்ளெக்ஸைப் போட்டோ எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால், அடியில் எழுதியிருக்கும் பெயர்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள். இன்சுலினை நம்பியிருப்பவர் அதைத் திடீரென்று விட்டால் என்ன ஆகும் என்று எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். உங்கள் டிசைனில் என்னை உறுத்தியது ‘48 நாள்’கூட இல்லை. அது கோயில் மண்டலக் கணக்கு, நம்மவர்களுக்குப் பிடித்த எண். ‘இன்சுலினுக்கு விடை கொடுங்கள்’ என்ற வரிதான், அதுவும் மஞ்சள் எழுத்தில். மருந்தை நிறுத்தச் சொல்கிற விளம்பரம் அது.

எழுதித் தருகிறேன் என்கிறாரே, அந்தக் கடிதத்தால் என்ன பயன் என்று கேட்பீர்கள். பணத் தகராறு வந்தால் பயன் உண்டு. ‘நீங்களே மேட்டரை மாற்றிவிட்டீர்கள்’ என்று அவர் நாளைக்குச் சொன்னால் காட்டலாம். குற்றத்தை ஒருவர் கையெழுத்துப் போட்டு இன்னொருவரிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியாது. சட்டம் உங்களைப் பார்த்து ‘அச்சடித்தாயா?’ என்று கேட்கும்போது ‘பொறுப்பு அவருடையது’ என்பது பதிலாகாது. சொல்லப்போனால் அப்படி ஒரு கடிதம் வாங்கி வைத்திருப்பது, இது தப்பு என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு நீங்களே கொடுக்கும் சாட்சி.

அவர் ‘விளம்பரம் செய்வது என் உரிமை’ என்று வாதாடக்கூடும். பழைய வாதம். டெல்லி ஹம்தர்த் தவாக்கானா இதே சட்டத்தை எதிர்த்து, பேச்சுரிமை போகிறது என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சில வாசகங்களும் பறிமுதல் செய்யும் அதிகாரம் தந்த ஒரு பிரிவும் அடிபட்டன, 1963-இல் திருத்தம் செய்தார்கள். ஆனால் மக்கள் விளம்பரத்தைப் பார்த்துத் தாங்களே வைத்தியம் செய்துகொள்வதைத் தடுக்கும் நோக்கத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிறகு 1995-இல், தொலைபேசி டைரக்டரி அச்சிடுவது தொடர்பான டாடா பிரஸ் வழக்கில், வணிக விளம்பரமும் பேச்சுரிமையில் சேரும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அப்போதும் ஏமாற்றும் விளம்பரத்துக்கு அந்தக் குடையை விரிக்கவில்லை.

அவர் பதிவு பெற்ற சித்த மருத்துவராக இருந்தால் ஒரு வழி உண்டு. பதிவு பெற்ற மருத்துவர் தன் மருத்துவமனை வளாகத்திலேயே ‘இங்கே இன்ன நோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படும்’ என்று பலகை வைத்துக்கொள்ள அதே சட்டம் இடம் கொடுக்கிறது. பதிவுச் சான்று நகலை வாங்குங்கள். பெயர், படிப்பு, பதிவு எண், பார்க்கும் நேரம், ‘சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படும்’ என்று அவர் வாசலில் வைக்க ஒரு பலகை அடித்துக் கொடுங்கள். நாளும் வேண்டாம், வேரும் வேண்டாம், விடையும் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்கு என்றால் அந்த வாசகமும் வேண்டாம். பதிவே இல்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது ஸ்பா. படம், முதுகு தெரிய ஒரு வெளிநாட்டுப் பெண். இணையத்தில் எங்கோ எடுத்தது. கட்டப் போகும் இடம் பெண்கள் மேல்நிலைப் பள்ளி எதிர்ச்சுவர் என்கிறீர்கள். படத்தைவிட எனக்கு மோசமாகத் தெரிந்தது எழுத்து: ‘இளம் பெண்களின் கைவண்ணத்தில் சொர்க்கம்’. இதை எழுதியவருக்கு என்ன அர்த்தம் என்று தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

1986-ஆம் ஆண்டு, பெண்களை ஆபாசமாகச் சித்தரிப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. பெண்ணின் உருவத்தையோ உடலையோ ஆபாசமாக, பெண்களை இழிவுபடுத்தும்படி காட்டும் விளம்பரத்தை வெளியிடுவதும், வெளியிட ஏற்பாடு செய்வதும், வெளியிடுவதிலோ காட்சிக்கு வைப்பதிலோ பங்கெடுப்பதும் குற்றம். இங்கேயும் அதே ‘பங்கு’ வந்துவிட்டது. முதல் முறை 2 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். மறுபடி மாட்டினால் குறைந்தது 6 மாதம், அதிகம் 5 ஆண்டு. அபராதம் 10,000-இல் தொடங்கி ஒரு லட்சம் வரை. இது போக நம் மாநிலத்திலேயே 1959-இலிருந்து திறந்தவெளி இடங்கள் (உருக்குலைவு தடுப்பு) சட்டம் இருக்கிறது. சுவரில் எழுதுவதையும் போஸ்டர் ஒட்டுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் என்றுதான் பலருக்கும் அது பழக்கம். அதிலேயே, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் மிக ஆபாசமான, அவதூறான விளம்பரங்களை வைப்பது தனிக் குற்றமாகவே இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-ஆவது பிரிவும் ஆபாசப் பொருளைத் தயாரிப்பவரையும் பொதுவில் காட்டுபவரையும் சேர்த்தே பிடிக்கிறது.

முதுகு தெரியும் எல்லாப் படமும் ஆபாசம் என்று நான் சொல்ல மாட்டேன், நீதிமன்றமும் சொல்லாது. சேலை விளம்பரத்தில் தெரியாத முதுகா? ஆனால் எங்கே தொங்குகிறது, கூட என்ன எழுதியிருக்கிறது என்று சேர்த்துத்தான் பார்ப்பார்கள். இந்த ஆர்டரை நீங்கள் முழுக்க விட வேண்டாம். படத்தை எடுத்துவிட்டு ஒரு எண்ணெய்க் கிண்ணமும் துண்டும் போடுங்கள். பெயர், விலாசம், போன், உரிம எண், திறந்திருக்கும் நேரம். அதற்கு அவர் ஒத்துக்கொண்டால் உண்மையிலேயே ஸ்பா நடத்துகிறார். ‘அந்த வரி இல்லாம ஃப்ளெக்ஸ் எதுக்கும்மா?’ என்று கேட்டால் அவர் நடத்துவது என்ன என்று உங்களுக்கே விளங்கிவிடும்.

ஜவுளிக்கடை ஃப்ளெக்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ‘50%’ என்பது ஆள் உயரம். ‘வரை’ என்ற சொல், பூஜ்யத்தின் வயிற்றுக்குள் கடுகாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு நட்சத்திரக் குறி. அதற்கு விளக்கம் ஃப்ளெக்ஸின் அடி ஓரத்தில், ஆங்கிலத்தில். ஐலெட் அடிக்க ஓரத்தை மடித்து ஒட்டுவீர்கள் அல்லவா, அந்த மடிப்புக்குள் போய்விடும் இடத்தில்! இதை டிசைன் செய்தவர் நீங்கள்தான் என்பதால் கேட்கிறேன், வேண்டுமென்றே வைத்ததா, அவர்கள் சொன்னதா?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில்தான் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கென்று ஒரு அமைப்பு வந்தது: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். பொய் விளம்பரம் செய்தவருக்கு 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. 2022 ஜூன் 9 அன்று அவர்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை உங்களைப் போன்ற டிசைனர்கள் அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். பெரிய எழுத்தில் ஒன்றைச் சொல்லி, சின்ன எழுத்தில் அதையே மறுக்கக் கூடாது. விளக்கக் குறிப்பு, விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே இருக்க வேண்டும், எழுத்துருவும் அதுவேயாக இருக்க வேண்டும். ‘இலவசம்’ என்று போட்டுவிட்டுக் கொண்டுவந்து கொடுக்கும் கூலி போன்ற தவிர்க்க முடியாத செலவைத் தவிர வேறெதற்கும் பணம் கேட்கக் கூடாது. பத்துச் சேலை மட்டும் பாதி விலைக்கு வைத்துக்கொண்டு ஊரையே கூப்பிடுவதை அவர்கள் தூண்டில் விளம்பரம் என்கிறார்கள். கையிருப்பு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும்.

இந்த ஆர்டரில் உங்களுக்குப் பயம் குறைவு. ‘என் வழக்கமான தொழிலில் அச்சிட்டுக் கொடுத்தேன்’ என்று நிரூபிப்பவருக்கு அந்த அபராதத்திலிருந்து நுகர்வோர் சட்டம் விலக்குத் தருகிறது. அந்த விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி ஆணையம் உத்தரவு போட்டது தெரிந்த பிறகும் அடித்தால்தான் விலக்கு போய்விடும். மருந்துச் சட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் புரிகிறதா? அங்கே அச்சடிப்பதே பங்கு. இங்கே அச்சடிப்பது பிழைப்பு என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. எனவே ஜவுளிக்கடைக்கு அடித்துக் கொடுங்கள். ஆனால் ‘வரை’யைப் பூஜ்யத்திலிருந்து வெளியே எடுங்கள், அடிக்குறிப்பைத் தமிழில் மடிப்புக்கு மேலே ஏற்றுங்கள். இதற்காக ஜவுளிக்கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்ய மாட்டார். ஆடி மாதத்தில் எந்தப் பக்கம் ‘வரை’ இருந்தாலும் கூட்டம் வரத்தான் போகிறது.

மனைப்பிரிவு ஃப்ளெக்ஸில் ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்’ என்று இருக்கிறது. எந்த வண்டியில் என்று போடவில்லை. அதை விடுங்கள். அதில் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் எங்கே? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்பவர், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி முதலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் நன்றாகத் தெரியும்படி இருக்க வேண்டும். பதிவில்லாமல் விற்பவருக்கு அபராதம் திட்டத்தின் மதிப்பிட்ட செலவில் 10 சதவீதம் வரை போகும். இது மனைக்காரரின் தலைவலி. உங்கள் வேலை எண்ணைக் கேட்பதும், அதை ஆணையத்தின் இணையதளத்தில் அடித்து இரண்டு நிமிடம் சரிபார்ப்பதும்தான். ‘டிடிசிபி அப்ரூவல் இருக்கு, அது போதும்’ என்பார். அது நகர் ஊரமைப்பு இயக்ககம் தரும் மனைப்பிரிவு அனுமதி. இரண்டும் வேறு வேறு. இன்னொன்று, விளம்பரத்தில் சொன்னதை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவர், இழப்பீடோ பணம் முழுவதும் வட்டியோடு திரும்பவோ கேட்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வழக்கில் உங்கள் ஃப்ளெக்ஸ்தான் முதல் சாட்சி. ‘40 அடி தார் ரோடு, பார்க், ஸ்கூல்’ என்று அவர் சொல்லச் சொல்ல அடித்ததையெல்லாம் யாரோ ஒருவர் போனில் படம் பிடித்து வைத்திருப்பார். ஆர்டர் கொடுத்தவர் கையெழுத்திட்ட புரூஃப், பில் நகல், டிசைன் ஃபைல் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். மூன்று வருடம் கழித்து, ‘பார்க் என்று நாங்கள் சொல்லவே இல்லை, ஃப்ளெக்ஸ் கடைக்காரம்மா தானாகப் போட்டுவிட்டார்’ என்று ஒருவர் சொன்னதை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் மறுத்தால் அடுத்த கடைக்காரர் அடிப்பாரே? அடிப்பார். அதற்கு என்னிடம் மருந்தில்லை. ஆனால் உங்கள் ஊரில் நான்கு கடையோ ஐந்து கடையோதான் இருக்கும், எல்லோரும் ஒரே மொத்த வியாபாரியிடம் ரோல் எடுப்பவர்கள். மாதம் ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்து ‘நோய் பெயர் போட்டு மருந்து விளம்பரம் யாரும் அடிப்பதில்லை’ என்று பேசி வையுங்கள். ரேட்டை இறக்க மாட்டோம் என்று பேசிக்கொள்வதைவிட இது நிலைக்கும், ஏனென்றால் மாட்டினால் போவது காசு மட்டும் இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஏற்கெனவே தொங்குபவற்றைப் பற்றி யாராவது உங்களிடம் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: கம்பமும் இடமும் தப்பு என்றால் நகராட்சி ஆணையர். எழுத்து ஏமாற்று என்றால் மாவட்ட ஆட்சியரிடமே மனு கொடுக்கலாம். நுகர்வோர் சட்டம் அவருக்கு விசாரித்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரம் தந்திருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். மருந்து என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், ஆபாசம் என்றால் காவல் நிலையம். மனுவோடு தேதி தெரியும் போட்டோ ஒன்று, தூரத்திலிருந்து இன்னொன்று. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதி எல்லாருக்கும் நகல் போட்டால், அந்த நகல்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மருந்துக்காரரின் அட்வான்ஸை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஓடிய மையின் காசைப் பிடிக்க வேண்டாம். ‘டிசைனையாவது பென் டிரைவில் போட்டுக் கொடுங்க’ என்று கேட்பார். கொடுக்காதீர்கள், அந்த வரி உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகக் கூடாது. பாதி ஓடிய ஃப்ளெக்ஸை என்ன செய்வது என்று யோசிப்பீர்கள். மழைக்காலம் வருகிறது, மாட்டுக் கொட்டகைக்குக் கூரை போட யாராவது கேட்டு வருவார்கள். எழுத்துப் பக்கம் உள்ளே, மாட்டைப் பார்த்தபடி இருக்கும்படி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.